கடற்கரையில் சிராவகர்: இயற்கையைப் போற்றும் நெறி

காணும் பொங்கலன்று உற்றாரும் உறவினரும் ஒன்றுகூடி ஆற்றங்கரைக்கும் கடற்கரைக்கும் செல்லுதல் தமிழகத்தின் நெடுநாள் வழக்கமாகும். வந்தவாசி, ஆரணி, செய்யாறு, திண்டிவனம் ஆகிய பகுதிகளிலுள்ள நம் சிற்றூர்களினின்றும் தொழிலும் கல்வியும் கருதிச் சென்னைக்குக் குடிபெயர்ந்த சமணக் குடும்பங்களிலும் இவ்வழக்கம் வேரூன்றியுள்ளது. அண்மைக் காலத்தில் இளைஞர் சிலர் இதற்குப் புதியதொரு பொருள் கூறுகின்றனர். நிலம், நீர், காற்று ஆகியவற்றால் நாம் வாழ்கின்றோம். ஆதலின் ஆண்டில் ஒரு நாளேனும் குடும்பத்துடன் கடற்கரையிற் கூடி இயற்கையைப் போற்றுதல் வேண்டும் என்பது அவர்தம் விருப்பம்.

இவ்விருப்பம் நன்று. ஆயினும் நம் இல்லங்களில் இதனைப் பற்றி இருவகைக் கருத்துகள் எழுகின்றன. கடலைக் கண்டால் கைகூப்பி நீராடுதலும் மலரும் பாலும் இடுதலும் குற்றமன்று எனச் சிலர் கூறுவர். அவையெல்லாம் நம் நெறிக்கு முரணானவை. ஆதலின் கடற்கரைப் பக்கமே செல்லலாகாது என முதியோர் சிலர் கூறுவர். பிள்ளைகள் இவ்விரண்டிற்கும் இடையே நின்று விழிக்கின்றனர். இயற்கையைப் போற்றுதல் என்பதற்கு நம் ஆகமங்கள் காட்டும் பொருள் யாது என்பதனை அறிந்துகொண்டால் இக்குழப்பம் நீங்கும். அதனை ஆராய்தலே இப்பாடத்தின் நோக்கமாகும்.

1. உலக மூடம் என்பது யாது?

ஆசாரியர் ஸமந்தபத்திரர் இயற்றிய இரத்தினகரண்டக சிராவகாசாரம் இல்லறத்தார்க்குரிய ஒழுக்கத்தை வகுத்துரைக்கும் நூல். அதனைத் தழுவித் தமிழில் எழுந்தது அருங்கலச்செப்பு. நற்காட்சியைக் கெடுக்கும் மூன்று மூடங்களை இந்நெறியினர் விளக்குவர். அவை உலக மூடம், தேவ மூடம், பாசண்டி மூடம் என்பன. ஆற்றிலும் கடலிலும் நீராடுதலால் புண்ணியம் உண்டாகும் என எண்ணுதலும், மணலையும் கல்லையும் குவித்து வணங்குதலும், மலையினின்று வீழ்தலும், தீயிற் பாய்தலும் உலக மூடமாகும் என ஸமந்தபத்திரர் குறிப்பிடுகின்றார்.

கடல் நீராட்டும் மணற்குவியலும் இப்பட்டியலில் இடம்பெற்றிருத்தல் நம் ஆராய்ச்சிக்குரியது. நீரை இழிவாகக் கருதியோ, கடலிடத்து வெறுப்புக் கொண்டோ ஆசாரியர் இவ்வாறு கூறினாரல்லர். வினை என்பது உயிரோடு பிணிப்புண்ட நுண்ணிய புத்கலம். கோபம், மானம், மாயை, லோபம் என்னும் கஷாயங்களால் அது கட்டப்படுகிறது. ஸம்வரத்தாலும் நிர்ஜரையாலும் நீங்குகிறது. உடலின்மேற் படும் நீர் உடலழுக்கை நீக்குமேயன்றி வினையை நீக்காது. நீரில் மூழ்குதலே வீடுபேற்றுக்கு வாயில் எனின், பிறந்தது முதல் நீரிலேயே வாழும் மீன்கள் நம்மினும் முன்னர் முத்தி எய்தியிருத்தல் வேண்டும்.

மற்றொன்றும் இங்கு நினைவு கொள்ளத்தக்கது. நம் கொள்கைப்படி நீர் உயிரற்ற பொருளன்று. நீரையே உடலாகக் கொண்ட அப்பு காயிக உயிர்கள் எண்ணிறந்தன. ஆகவே கடலைத் தெய்வமாக வணங்கி நம் வினையைக் கழுவும்படி வேண்டுவதினும், கடலிலுள்ள உயிர்களுக்கு நம்மால் விளையும் துன்பத்தைக் குறைப்பதே அதனைப் போற்றுதலாகும்.

2. பயனில் தண்டம்

இனி இரண்டாம் கருத்தை நோக்குவோம். கடற்கரைக்குச் செல்லுதலே தவறு என்பது சரியோ?

சிராவகருடைய பன்னிரண்டு விரதங்களுள் குண விரதம் மூன்று. அவற்றுள் ஒன்று அனர்த்த தண்ட விரதம். ஒரு பயனுமின்றி உயிர்களுக்குத் துன்பம் விளைவித்தலினின்றும் விலகுதல் என்பது இதன் பொருள். இஃது ஐவகைப்படும். பாவச் செயலைக் கற்பித்தல், கொலைக் கருவிகளை வழங்குதல், பிறர்க்குக் கேடு நினைத்தல், மனத்தைக் கெடுக்கும் செய்திகளைக் கேட்டல், கவனமின்றி நடத்தல் என்னும் ஐந்தினின்றும் சிராவகர் விலகுதல் வேண்டும்.

இவற்றுள் இறுதியாகக் கூறப்பட்டது பிரமாத சரியை. காரணமின்றி நிலத்தை அகழ்தல், நீரை அலைத்தல், தீ மூட்டுதல், காற்றை எழுப்புதல், செடி கொடிகளை அறுத்தல், நோக்கமின்றித் திரிதல் ஆகியவற்றை இதன்கண் அடக்குவர். இப்பட்டியலைப் படித்தவுடன் இக்காலத்துக் கடற்கரை உலா நம் கண்முன் வரும். மணலைத் தோண்டுகின்றோம்; நீரை அலைக்கின்றோம்; குளிர்காயத் தீ மூட்டுகின்றோம்; கொடியைப் பிடுங்கி இழுக்கின்றோம்; பொழுது போகவில்லை எனத் திரிகின்றோம். முதியோர் அஞ்சுவதற்குக் காரணம் உண்டு என்பதனை நாம் ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

ஆயினும் விலக்கப்பட்டது பயனின்மையும் கவனமின்மையுமே. ஜினாலயம் செல்லும்போதும் வழியில் நிலத்தை மிதிக்கின்றோம். வயலில் உழும்போதும் நிலத்தை அகழ்கின்றோம். இல்லறத்தார் ஐந்து வகை நிலையுயிர்களின் துன்பத்தை முற்றும் தவிர்த்தல் இயலாது. இயலாமையை உணர்ந்து, வேண்டிய அளவினதாகக் குறைத்து, கவனத்துடன் நடத்தலே அணுவிரதத்தின் உட்கருத்து. உயிர்களை அறிந்து அருள் பூணுதல் என்னும் பயன் கருதி, அளவறிந்து, பார்த்து நடந்து கடற்கரை சென்று வருதல் அறத்திற்கு மாறன்று. அறியாத உயிர்க்கு அருள் செய்தல் எவர்க்கும் இயலாது. ஆதலின் அறிதல் முதற்படியாகும்.

3. கரையில் வாழும் உயிர்கள்

தத்துவார்த்த சூத்திரம் சம்சாரி உயிர்களை நிலையுயிர், இயங்குயிர் என இரண்டாகப் பகுக்கின்றது. பொறிகளின் எண்ணிக்கையும் பிராணங்களின் எண்ணிக்கையும் படிப்படியாக உயர்ந்து செல்கின்றன. இப்பகுப்பைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கக் கடற்கரையினும் சிறந்த வகுப்பறை இல்லை எனலாம்.

ஓரறிவுயிர்: நிலம், நீர், தீ, காற்று, தாவரம் ஆகியவற்றை உடலாகக் கொண்டவை. மெய்யுணர்வு, உடல் வலிமை, ஆயுள், மூச்சு என்னும் நான்கு பிராணங்கள் இவற்றிற்கு உண்டு. மணல்மேட்டிற் படரும் அடும்பங்கொடியையும் கூரிய இலைகளையுடைய இராவணன் மீசைப் புல்லையும் இங்குக் காணலாம். இவற்றின் வேர்கள் மணலைப் பிணித்து மணல்மேட்டைக் காக்கின்றன. மணல்மேடு கரையிலுள்ள ஊரைக் காக்கின்றது.

ஈரறிவுயிர்: சங்கு, சிப்பி, நத்தை, புழு முதலியன. சுவையுணர்வும் ஒலி வலிமையும் கூடி ஆறு பிராணங்கள் உடையவை. அழகிய ஓடு என நாம் கையிலெடுக்கும் பொருள் இவ்வுயிர்களின் உடலிற் பகுதியாகும்.

மூவறிவுயிர்: எறும்பு முதலியன. மோப்பவுணர்வு கூடி ஏழு பிராணங்கள் உடையவை. நாம் சிந்தும் சுண்டலையும் சர்க்கரையையும் நாடி இவை வரும். வந்தபின் நம் காலின்கீழ் மாயும்.

நாலறிவுயிர்: ஈ, வண்டு முதலியன. பார்வை கூடி எட்டுப் பிராணங்கள் உடையவை. தொல்காப்பியம் தன் மரபியலில் நண்டையும் இவ்வகுப்பில் வைத்துள்ளது. ஓரறிவு முதலாக உயிர்களை வகுக்கும் அந்நூலின் முறைக்கும் நம் ஆகம முறைக்கும் உள்ள ஒப்புமை அறிஞர்களால் எடுத்துக்காட்டப்பட்டதே.

ஐயறிவுயிர்: மீன், ஆமை, பறவை, விலங்கு, மனிதர். மனமில்லாதவற்றிற்கு ஒன்பதும் மனமுடையவற்றிற்குப் பத்தும் பிராணங்கள். மனமுடைய ஐயறிவு விலங்குகள் நற்காட்சி எய்தி, சிராவகருக்குரிய தேசவிரதம் வரை உயரவும் கூடும் என்பது நம் ஆகமக் கொள்கை. ஆகவே நீரிலுள்ள ஓர் உயிரை இழிந்ததென இகழ நமக்கு உரிமையில்லை.

இக்கால அறிவியலும் ஒரு செய்தியைக் கூறுகின்றது. ஒரு மில்லி லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 10 இலட்சம் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. உலகில் தாவரங்களும் நுண்ணுயிர்களும் உண்டாக்கும் பிராணவாயுவில் ஏறத்தாழப் பாதி கடலில் மிதக்கும் கண்ணுக்குப் புலப்படாத பச்சை உயிர்களால் உண்டாவது. நீரையே உடலாகக் கொண்ட அப்பு காயிகம் வேறு. நீரில் வாழும் இந்நுண்ணுயிர்கள் வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளல் பிழை. எனினும் உயிர்கள் ஒன்றுக்கொன்று உதவி செய்து வாழ்கின்றன என உமாஸ்வாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தின் ஐந்தாம் அத்தியாயத்தில் உணர்த்திய கருத்துக்கு இஃது ஓர் எடுத்துக்காட்டாகும். நாம் உள்ளிழுக்கும் மூச்சில் நாம் ஒருநாளும் கண்டிராத உயிர்களின் பங்கு இருக்கின்றது.

4. சங்கும் ஆமையும்: தீர்த்தங்கரர் திருவுருவில்

கடற்கரைக்கும் நமக்கும் தொடர்பில்லை என எண்ணுவோர் மயிலையை மறந்தவராவர். மயிலாப்பூரில் கடலருகே நேமிநாதர் ஆலயம் இருந்தது. அப்பெருமான்மீது அவிரோதியார் திருநூற்றந்தாதி பாடினார். குணவீர பண்டிதர் தாம் இயற்றிய இலக்கண நூலுக்கு நேமிநாதம் எனப் பெயரிட்டார். கடல் பெருகி ஆலயத்தை அழிக்குமோ என அஞ்சித் திருவுருவத்தை மேல்சித்தாமூருக்குக் கொண்டு சென்றனர் என்பது நம்மிடையே வழங்கும் மரபுச் செய்தி. அக்காலச் சிராவகர் கடலுக்குப் பலியிட்டு அதனை அமைதியுறச் செய்ய முயன்றனர் என யாண்டும் நாம் கேட்டதில்லை. கடலுக்கு வழிவிட்டு விலகிச் சென்றனர் என்றே மரபு கூறுகின்றது.

இருபத்திரண்டாம் தீர்த்தங்கரராகிய நேமிநாதரின் இலாஞ்சனம் சங்கு. கடற்கரை நகராகிய துவாரகையில் வாழ்ந்த யாதவர் குலத்தில் தோன்றியவர் அவர். இராஜமதியை மணக்கச் சென்ற நாளில், வழியில் அடைக்கப்பட்டிருந்த விலங்குகளின் அலறலைக் கேட்டு, தம் மணவிழாவின் பொருட்டு அவை துன்புறுவதை அறிந்து, மணக்கோலத்தைக் களைந்து துறவு மேற்கொண்டார். ஊர்ஜயந்த கிரியில் முத்தி எய்தினார். தம் மகிழ்ச்சி நாளில் பிற உயிர் துன்புறலாகாது என்பதே அவ்வரலாறு நமக்குத் தரும் பாடம். திருநாள் மகிழ்ச்சிக்காகக் கடற்கரையிற் கூடுவோர் முதற்கண் நினைக்க வேண்டியவர் நேமிநாதரேயாவர்.

இருபதாம் தீர்த்தங்கரராகிய முனிசுவிரதரின் இலாஞ்சனம் ஆமை. நம் கிழக்குக் கரையில் பங்குனி ஆமை என வழங்கும் சிற்றாமைகள் தை முதல் பங்குனி வரையிலான காலத்தில் இரவில் கரையேறி, மணலிற் குழி பறித்து, ஒரு முறைக்கு ஏறத்தாழ நூறு முட்டைகளை இட்டு மூடிச் செல்லும். ஒன்றரை மாதம் முதல் இரண்டு மாதத்திற்குள் குஞ்சுகள் வெளிப்பட்டு, கடலின்மேல் தோன்றும் மெல்லொளியை நோக்கி ஓடும். சாலை விளக்குகளும் கட்டட விளக்குகளும் அவற்றை எதிர்த்திசைக்கு இழுத்துவிடுகின்றன. ஆமை நுரையீரலால் மூச்சுவிடும் உயிராதலின், இழுவலையில் நெடுநேரம் சிக்கினால் மேலெழ முடியாமல் மூச்சடைத்து இறக்கின்றது. 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கின. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இவ்வுயிரை முதல் அட்டவணையில் வைத்துக் காக்கின்றது. சென்னையில் மாணவர்கள் 1988 முதல் பருவந்தோறும் இரவில் கரையில் நடந்து, முட்டைகளைப் பாதுகாப்பான இடத்திற் சேர்த்து, குஞ்சுகளைக் கடலில் விடுகின்றனர். அவர்களுட் பலர் நம் சமயத்தாரல்லர். ஆயினும் அவர் செய்வது அபயதானம். பிற உயிர்க்கு அச்சம் நீக்கும் இத்தானத்தை நம் முன்னோர் நால்வகைத் தானங்களுள் ஒன்றாக வைத்தனர்.

5. ஒரு குடும்பத்தின் கடற்கரைக் கூட்டம்

மேற்கூறிய கொள்கைகள் நடைமுறையில் எவ்வாறு அமையும் என்பதற்கு எம் இல்லத்தார் ஒன்பதின்மர் தை மாதத்தில் கூடிய கூட்டத்தை எடுத்துக்காட்டாகக் கூறுகின்றோம்.

எம் குடும்பத்தின் மூத்த ஆயாவுக்கு எண்பது அகவை கடந்துவிட்டது. கடற்கரைக்கு அழைத்தபோது அவர் மறுத்தார். "கடலைக் கும்பிடுவதற்கு நான் வரமாட்டேன்" என்றார். கும்பிடுவதற்கன்று, பிள்ளைகளுக்கு உயிர்களைக் காட்டுவதற்கு என விளக்கினோம். அவ்வாறாயின் மூன்று கட்டளைகள் என்றார். ஒருவரும் நீராடலாகாது, கதிர் மறைவதற்கு இரண்டு நாழிகைக்கு முன்னரே உணவை முடித்தல் வேண்டும், கரையினின்று ஒரு பொருளும் வீட்டிற்கு வரலாகாது. மூன்றனையும் அனைவரும் ஏற்றோம். காணும் பொங்கலன்று பெருங்கூட்டம் கூடுமாதலின், அதனை அடுத்து வந்த ஞாயிறன்று நகரின் தென்பாலுள்ள அமைதியான கரையொன்றைத் தேர்ந்துகொண்டோம்.

மூன்றரை மணிக்குச் சென்று சேர்ந்தோம். வடிகட்டிய நீரும், வீட்டிற் செய்த தயிர்ச் சோறும், வாழையிலையும் எடுத்துச் சென்றோம். கிழங்கு வகை இல்லை. தைத்திங்களில் சென்னையில் ஏறத்தாழ ஆறு மணிக்குக் கதிர் மறைகின்றது. ஆதலின் ஐந்து மணிக்கெல்லாம் உண்டு முடித்து, சிந்தியவற்றைப் பொறுக்கி எடுத்து, இலைகளைப் பையில் திரும்பக் கட்டிக்கொண்டோம்.

பின்னர் நான்கு முழ அளவு முன்னே நோக்கி நடக்கும் முறையைப் பிள்ளைகளுக்குக் கற்பித்தோம். முனிவர்களின் ஈரியா ஸமிதியைச் சிறிது நேரமேனும் பழகுக எனக் கூறினோம். முதலில் அவர்களுக்கு அது விளையாட்டாக இருந்தது. சிறிது நேரத்தில் மணலிற் சிறு துளைகளையும், அத்துளைகளின் வாயிலில் உருண்டை உருண்டையாகக் கிடந்த மணலையும், வெளியே வந்து மறையும் வெண்ணிற நண்டுகளையும் அவர்களே கண்டு எமக்குக் காட்டினர். மணற்கோயில் கட்டலாமா என ஒருவன் வினவினான். குழந்தை விளையாட்டாக மணலைக் குவித்தல் உலக மூடமாகாது. அதனால் புண்ணியம் வரும் என நம்பினாலன்றோ மூடம்? ஆயினும் ஒவ்வொரு துளையும் ஓர் உயிரின் வீடு என அறிந்தபின் தோண்ட அவனுக்கே மனம் வரவில்லை.

எட்டு அகவைச் சிறுவன் ஒருவன் அழகிய சிறு சங்கொன்றை எடுத்து வந்தான். கையில் வைத்திருந்தபோதே அஃது அசைந்தது. உள்ளிருந்து சிறு கால்கள் வெளிப்பட்டன. துறவி நண்டு என வழங்கும் உயிர் அது. தனக்கெனக் கடினமான ஓடு முழுமையாக இல்லாமையால், இறந்த சங்கின் வெற்றோட்டைத் தேடி அதனுள் குடிபுகுந்து வாழும். வளர வளரப் பெரிய ஓட்டிற்கு மாறும். சிறுவன் அதனை எடுத்த இடத்திலேயே வைத்தான். ஆயினும் சட்டைப்பையிலிருந்த வேறு ஆறு வெற்றோடுகளை விட அவனுக்கு மனமில்லை. "இவற்றில் உயிரில்லையே, ஆயா, பள்ளியிற் காட்ட வேண்டும்" என்றான். கண்களில் நீர் கோத்துவிட்டது.

"இன்று உயிரில்லை, கண்ணே. நாளைக்கு ஒரு நண்டு வீடு தேடி வரும். வந்து பார்த்தால் வீடு உன் அலமாரியில் இருக்கும்" என்றார் ஆயா. அவன் நெடுநேரம் பேசவில்லை. பின்னர் ஒவ்வொன்றாக ஈர மணலில் வைத்தான். அவற்றின் உருவத்தைக் குறிப்பேட்டில் வரைந்துகொள்ளச் செய்தோம். யாரும் உரிமை கொண்டாடாத பொருள் நமக்குரியது என எண்ணுவது இயல்பு. கொடாத பொருளைக் கொள்ளாமை என்னும் விரதம் அவ்வெண்ணத்தையும் ஆராயத் தூண்டுகின்றது.

சற்றுத் தொலைவில் இறந்த ஆமையொன்று கிடந்தது. பன்னிரண்டு அகவைப் பெண் அதனைக் கண்டு அழுதாள். அருகில் வலை பின்னிக்கொண்டிருந்த மீனவர்களைச் சினத்துடன் நோக்கினாள். "நாம் மீன் உண்பதில்லை. இந்தப் பாவத்தில் நமக்குப் பங்கில்லையே?" என வினவினாள்.

அக்கேள்விக்கு விடை கூறுதல் எளிதன்று. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றும் மனம், மொழி, மெய் என்னும் மூன்றோடு உறழ ஒன்பது வாயில்களால் வினை வருகின்றது. மீன் உண்ணாமையால் அவற்றுட் சிலவற்றை நாம் அடைத்துள்ளோம். அது நம் முன்னோர் நமக்களித்த பெருஞ்செல்வம். ஆயினும் நாம் எறியும் பிளாஸ்டிக் பை கடலிற் சேர்கின்றது. நம் மாடியிலெரியும் விளக்கு குஞ்சை வழிதவறச் செய்கின்றது. இவற்றில் நமக்குப் பங்கில்லை எனக் கூற இயலாது. மேலும், நாம் உண்பதில்லை என்னும் எண்ணம் பிறரை இகழும் செருக்காக மாறினால், விரதமே மதத்திற்கு வித்தாகிவிடும்.

இதனை அப்பெண்ணுக்கு விளங்கும் சொற்களில் கூறினோம். அதற்குள் மீனவப் பெரியவர் ஒருவர் எம்மிடம் வந்தார். ஆமை வலையில் உயிருடன் சிக்கினால் தாங்கள் அறுத்து விட்டுவிடுவதாகவும், இறந்து ஒதுங்கியதைத் தங்கள் தெருப்பிள்ளைகளே புதைப்பதாகவும் கூறினார். ஆயா அவரை நோக்கிக் கைகூப்பினார். கடலைக் கும்பிட வரமாட்டேன் எனக் கூறியவர், அம்மனிதரிடத்திருந்த ஈரத்தைக் கும்பிட்டார். எல்லா உயிரிடத்தும் நட்பு, குணமுடையாரிடத்து மகிழ்ச்சி, துன்புறுவாரிடத்து இரக்கம், நெறி மாறுபட்டாரிடத்து நடுநிலை என்னும் நான்கு பாவனைகளைப் பாடமாகப் படித்திருந்த அப்பெண், அன்று அவற்றை ஒரே இடத்திற் கண்டாள். மீன்பிடித்தலை நாம் உடன்படவில்லை. அத்தொழிலால் வாழும் மனிதரை வெறுக்கவுமில்லை. இவ்விரண்டும் ஒருங்கே இயலும் என்பதனைப் பிள்ளைகள் அறிதல் இன்றியமையாதது.

கதிர் மறையும் நேரத்தில் ஒரு நாழிகை அமர்ந்தோம். பஞ்ச நமஸ்காரத்தை ஒன்பது முறை, இருபத்தேழு மூச்சளவில் ஓதிக் காயோத்ஸர்க்கம் செய்தோம். அன்று எம் நடையாலும் இருக்கையாலும் துன்புற்ற உயிர்கள் எம்மைப் பொறுத்தருள வேண்டுமென நினைந்தோம். சிந்தாமணியின் முத்தி இலம்பகத்தில் வரும் உவமையை ஆயா பிள்ளைகளுக்குக் கதையாகச் சொன்னார். வடகடலில் மிதக்கும் நுகத்தடியின் துளையில், தென்கடலில் இட்ட கழியொன்று அலையால் அலைந்து வந்து தானே பொருந்துவது எத்துணை அரிதோ, மக்கட்பிறவி அத்துணை அரிது என்பது அவ்வுவமை. கண்ணுக்கெட்டிய தொலைவு வரை நீரைக் கண்டவாறு அதனைக் கேட்ட பிள்ளைகளுக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை.

6. குடும்பங்கள் கைக்கொள்ளத்தக்க முறை

(1) கூட்டம் சிறிதாக இருத்தல் நன்று. பத்துப் பன்னிருவருக்கு மேற்படின் கவனம் சிதறும்.

(2) பகலிலேயே சென்று, உணவைக் கதிர் மறைவதற்கு 48 நிமிடத்திற்கு முன்னரே முடித்தல் வேண்டும். இரவுண்ணாமை கடற்கரையிலும் விரதமே.

(3) தமிழகத்தில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் 2019 ஜனவரி முதல் தடை செய்யப்பட்டுள்ளன. சட்டம் இல்லையாயினும் நமக்கு அது விலக்கத்தக்கதே. இலை, எவர்சில்வர்ப் பாத்திரம், துணிப்பை போதும்.

(4) தீ மூட்டுதல், பலூன் பறக்கவிடுதல், பட்டாசு வெடித்தல் ஆகியன வேண்டா. ஆமைப் பருவத்தில் இருட்டியபின் கரையில் விளக்கடித்தலும் வேண்டா.

(5) பூ, பால், தேங்காய் முதலியன கடலில் இடுதல் வேண்டா. அச்செலவை ஜீவதயைக்குரிய பணிக்கு வழங்கலாம்.

(6) அடும்பங்கொடியை மிதியாமலும் அறுக்காமலும் நடத்தல் வேண்டும். சங்கும் சிப்பியும் கரைக்கே உரியன.

(7) பிறர் போட்ட குப்பையைப் பொறுக்குவதாயின், அதில் உயிர் ஒட்டியுள்ளதா எனப் பார்த்து எடுத்தல் வேண்டும்.

(8) முடிவில் ஒரு நாழிகை அமைதியும், பொறுத்தருள வேண்டுதலும் தவறாது அமைதல் வேண்டும்.

7. சிந்தனைக்குரிய வினாக்கள்

பெற்றோர் பிள்ளைகளிடம் இவற்றை வினவி விடை காணச் செய்க.

(அ) கடலில் நீராடுதல் உலக மூடமாவது எப்போது? உடல் தூய்மைக்காக நீராடுதலும் மூடமாகுமோ?

(ஆ) அப்பு காயிக உயிருக்கும் நீரில் வாழும் மீனுக்கும் உள்ள வேறுபாடு யாது? ஒவ்வொன்றிற்கும் பிராணங்கள் எத்தனை?

(இ) வெற்றுச் சங்கை எடுத்தலால் எவ்வுயிருக்குத் துன்பம் நேரும்?

(ஈ) ஒரு செயலை வெறுத்து, அதனைச் செய்வாரை வெறாதிருத்தல் நான்கு பாவனைகளுள் எதனைச் சாரும்?

(உ) நேமிநாதர் மணவிழாவைத் துறந்த வரலாற்றினின்று நம் இல்லத் திருநாள்களுக்குக் கொள்ளத்தக்க மாற்றம் ஒன்றினைக் கூறுக.

முடிவுரை

இயற்கை நம்மிடம் மலரையும் பாலையும் கேட்கவில்லை. மண்ணும் நீரும் காற்றும் கொடியும் நத்தையும் நண்டும் ஆமையும் நம்மைப் போலவே வினைவயத்தால் உடல் தாங்கி நிற்பவை. அவ்வுடல்களில் நாமும் முன்னர்ப் பலமுறை பிறந்து வந்தவர்களே. அவற்றுக்கு அச்சம் தராது நடத்தலே நாம் செய்யும் வழிபாடு. ஆண்டுக்கு ஒருமுறை கடற்கரையில் இதனைப் பழகும் பிள்ளைகள், வீட்டுக் குழாயைத் திறக்கும்போதும் விளக்கை ஏற்றும்போதும் இதனை நினைவர். அந்நினைவு ஒரு குடும்பத்தில் நிலைபெற்றால், அக்கூட்டம் பயனுடையதாயிற்று என நாம் கொள்ளலாம்.

வாழ்க ஜினதருமம்! வளர்க உயிரிரக்கம்!